கடிக்கிற குட்டியும் கடிகாரமும்

"நாய்க்குட்டி ரொம்பக் கடிக்குது, என்ன பண்றது?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்றுதான். கேட்டவர் கொஞ்சம் விழிப்பார். என்ன இனம், எத்தனை மாதம், ஆணா பெண்ணா என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் அப்புறம். எங்கள் நாய்க்குட்டி மிளகு வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது எந்தப் பயிற்சி முறையும் இல்லை. சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரில், அந்தந்தத் தேதிக்குக் கீழே அவள் கடித்த நேரத்தைக் கிறுக்கி வைத்தேனே, அதுதான்.

மிளகு கலப்பினம். உடம்பு முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. எட்டு வாரத்தில் வந்தாள். வந்த அன்றும் மறுநாளும் சோபாவுக்கு அடியிலேயே கிடந்தாள். பரம சாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். இடம் பழகியதும் வேலையை ஆரம்பித்தாள். கை, கணுக்கால், பைஜாமா ஓரம், துடைப்பம், மேசைக்கால், எது எட்டுகிறதோ அது. அப்போது என் மகனுக்கு ஆறு வயது. சோபாவை விட்டுக் கீழே கால் வைக்க மாட்டேன் என்று அழுதான். மாமனார் வீட்டுக்குள்ளேயே ஷூ மாட்டிக்கொண்டு நடமாடினார். என் முழங்கைக்குக் கீழே சிவப்புக் கோடுகள். ஆபீசில் பார்த்தவர்கள் எல்லோரும் விசாரித்தார்கள்.

குட்டி கடிப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. பிறந்து மூன்றாவது வாரவாக்கில் குட்டிக்குப் பால் பல் முளைக்க ஆரம்பிக்கும். மொத்தம் 28 பல், எல்லாமே ஊசி முனை. ஒரு பொருளைத் தொட்டு, அது என்னவென்று தெரிந்துகொள்ள அதற்கு இருப்பது வாய் மட்டும்தான். கூடப் பிறந்தவர்களோடு புரண்டு விளையாடும்போது ஒரு குட்டி அழுத்திக் கடித்தால், கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை அப்படியே விட்டுப் போய்விடும். தாயும் எழுந்து நகர்ந்துவிடும். இப்படித்தான் எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு நின்றுபோகும் என்ற கணக்கு அதற்குப் பிடிபடுகிறது. ஆறு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் அறுந்துபோயிருக்கும். மிச்சத்தை நாம்தான் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். குட்டி வாங்கப் போகிறவர்கள் எட்டு வாரம் ஆகும்வரை பொறுத்துக்கொள்வது பின்னால் பெரிய நிம்மதி.

சரி, காலண்டர் கதைக்கு வருகிறேன். சில நாள் கிறுக்கியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் அவ்வளவாகக் கடி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரிசையாகக் கடி. விருந்தாளிகள் வந்த நாளில் எண்ணிக்கை இரு மடங்கு. "இன்றைக்கு நன்றாக விளையாடினாள், ராத்திரி சமத்தாகத் தூங்குவாள்" என்று நாங்கள் சந்தோஷப்பட்ட நாட்கள்தான் மோசமான நாட்கள். அவளுக்கு விளையாட்டு குறைந்ததால் கடிக்கவில்லை. தூக்கம் குறைந்ததால் கடித்தாள்.

இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். தூங்க வேண்டும். ஆனால் ஹாலில் டிவி ஓடி, ஆட்கள் நடமாடி, ஒரு பையன் பந்தோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தால் அது தானாகப் போய்ப் படுக்காது. கல்யாண வீட்டில் தூக்கம் கெட்ட இரண்டு வயசுப் பிள்ளை எப்படி எதற்கெடுத்தாலும் சிணுங்கி, கையில் கிடைத்ததை வீசுமோ அப்படித்தான் இதுவும். களைத்துப்போனால் அடங்குவதற்குப் பதில் இன்னும் துள்ளும். பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அறையை வட்டமடித்து ஓடும். கண்ணின் வெள்ளை தெரியும். கூப்பிட்டால் காதில் விழாது. மிளகிடம் இதற்கும் முன்னால் ஓர் அடையாளம் இருந்தது. பைஜாமா ஓரத்தை வாயில் கவ்வி உடனே விடுவாள். மறுபடி கவ்வி விடுவாள். மூன்றாவது முறை கால் சதையோடு சேர்த்துப் பிடிப்பாள். அந்த முதல் கவ்வலிலேயே எழுந்தால் கடியே இல்லை.

அதனால் ஒரு நேர ஒழுங்கு வைத்தோம். ஒரு மணி நேரம் விழித்திருந்தால், அடுத்து ஒன்றரை இரண்டு மணி நேரம் அவளுடைய தடுப்புக்குள். படுக்கையறை மூலையில் நான்கு பக்கமும் கம்பித் தடுப்பு, உள்ளே மெத்தை, தண்ணீர், கடித்து மெல்ல ஒரு ரப்பர் பொம்மை. திரைச்சீலையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுவேன். முதலில் கொஞ்ச நேரம் ஆட்சேபம் தெரிவிப்பாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் நான் பாட்டுக்கு ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். சத்தம் தேய்ந்து, ஒரு பெருமூச்சு வரும், தலை சாயும். ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டோம். கோபத்தில் தூக்கி அதற்குள் போடுவது கிடையாது. அது தூங்கும் இடம், ஜெயில் இல்லை. போகும்போதெல்லாம் தின்ன ஏதாவது கிடைக்கும். ஒரு கட்டத்தில் தூக்கம் வந்தால் அவளே போய் வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

தூக்கம் ஒன்றை ஒழுங்குபடுத்தியதிலேயே சாயங்காலக் கடியில் பெரும் பகுதி போய்விட்டது. மிச்சத்தில் சில, பசியால் வந்தவை. சில, சிறுநீர் முட்டிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தெரியாமல் வந்தவை. தூங்கி எழுந்த உடனே வெளியே கூட்டிப்போனால் அவையும் தீரும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் விளையாட்டுக் கடி என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். பயிற்சி தேவைப்படுவது அதற்குத்தான்.

பல் பதிந்த அந்தக் கணத்தில் கையை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் ஊறியது. இழுத்த கை அதற்கு ஓடுகிற இரை. தவிர, பால் பல்லில் பாதிக் கீறல் அது கடித்ததால் வருவதில்லை, நாம் இழுப்பதால் வருகிறது. கையை அப்படியே தொய்வாக விட்டுவிட்டு, இன்னொரு கையால் பொம்மையை அதன் வாய்க்கு முன்னால் தரையில் ஆட்ட வேண்டும். அதைக் கவ்வியதும் விளையாட்டு தொடரும். கையைக் கவ்வினால் விளையாட்டு போரடிக்கும், கயிற்றைக் கவ்வினால் களைகட்டும். அதற்குப் புரிய வேண்டியது அவ்வளவுதான்.

இதற்காக வீட்டில் எங்கே கை நீட்டினாலும் ஒரு கயிற்றுப் பொம்மை கிடைக்கும்படி போட்டு வைத்தோம். நீளமான பொம்மையாகப் பாருங்கள். உள்ளங்கையளவு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாடினால் பந்து எங்கே முடிகிறது, விரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? கயிற்றைப் பிடித்து இழுக்கும் விளையாட்டால் நாய் முரடாகும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நடு நடுவே இழுப்பதை நிறுத்தி, "விடு" என்று சொல்லி, விட்டதும் உடனே மறுபடி கயிற்றை நீட்டினால், வெறித்தனமாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே தன்னை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அதற்கு வருகிறது. கடிக்கிற குட்டிக்கு இதைவிட உருப்படியான விளையாட்டு இல்லை.

பொம்மையையும் விட்டுவிட்டுக் கைக்கோ காலுக்கோ வந்தால், பேசாமல் எழுந்து வெளியே போய்விடுங்கள். திட்ட வேண்டாம், அதன் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். தடுப்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இருபது முப்பது விநாடி. திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் ஆரம்பியுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி வெளியே. ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று நீட்டினால் எதற்காகப் போனோம் என்பது அதற்கு மறந்தே போகும். அதே மாதிரி, கடித்து ஒன்றிரண்டு விநாடிக்குள் எழுந்துவிட வேண்டும். போன் பேசி முடித்துவிட்டு எழுந்தால் அது வேறு கணக்கு. எழுந்து போக முடியாத சமயத்துக்கு, கைப்பிடி வளையம் இல்லாத ஒரு மெல்லிய கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிய விடுவேன். குட்டியைத் தொடாமல், கயிற்றைப் பிடித்து நிதானமாக நகர்த்த அது உதவும். ஆள் பார்வையில் இருக்கும்போது மட்டும்தான் இந்தக் கயிறு. எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து.

கடித்ததும் குட்டி மாதிரியே "ஆவ்" என்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகள் திகைத்து விட்டுவிடும். மிளகுக்கு அது திருவிழா. நான் கத்தக் கத்த அவள் துள்ளல் ஏறியது. என் தங்கை வீட்டு நாய் ஒரே சத்தத்தில் அடங்கிவிடும். ஓரிரண்டு முறை கத்திப் பாருங்கள். எடுபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எழுந்து போகும் முறையை ஆரம்பித்த புதிதில் கடி கூடும். இது பலரைக் கலங்கடிக்கிறது. இத்தனை நாள் வேலை செய்த ஒரு தந்திரம் திடீரென்று பலிக்காமல் போனால், அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது எல்லா உயிருக்கும் இயல்பு. அந்த ஏற்றத்தில் போய் "இது நம்ம குட்டிகிட்ட செல்லுபடியாகாது" என்று கைவிட்டால், பலமாகக் கடித்தால் பலன் கிடைக்கும் என்று கற்றுக் கொடுத்ததாகிவிடும். வீட்டில் நால்வர் எழுந்து போய், ஐந்தாமவர் மட்டும் கையைக் கொடுத்துச் செல்லம் கொஞ்சினாலும் கதை அதேதான். எங்கள் வீட்டு ஐந்தாமவர் என் கணவர். அவரிடம் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தது.

கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார் ஒன்றை வலியுறுத்துவார். கடியை ஒரேயடியாகத் தடை செய்யாதீர்கள், முதலில் அழுத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுங்கள், அப்புறம் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்பார். மெதுவாகக் கவ்வத் தெரிந்த நாய், பிற்காலத்தில் வலியிலோ பயத்திலோ கவ்வ நேர்ந்தாலும் ஆழமாகப் பல்லைப் பதிக்காது என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்படியே பின்பற்ற முடியாது. அதனால் என் கையில் மென்மையாக வாய் வைத்தால் பொறுத்துக்கொண்டேன், வலித்தால் மட்டும் எழுந்தேன். மகன் மீது பல் பட்டாலே விளையாட்டு முடிந்தது. குட்டி குழம்பும் என்று சிலர் எச்சரித்தார்கள். குழம்பவில்லை. யாரிடம் என்ன செல்லும் என்பது அதற்கு நம்மைவிட நன்றாகவே தெரிகிறது.

இத்தனைக்கும் நடுவில் மாமனார். "ஏம்மா, மூக்குல ரெண்டு போடு போட்டா அடங்கிடும். இதுக்குப் போய் காலண்டரும் கையுமா நிக்கிறியே" என்பார். அவர் காலத்தில் வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது எல்லாம் பயிற்சியின் பெயரால் நடந்தவை. நாய் ஓநாயின் வாரிசு, கூட்டத்தின் தலைவன் யாரென்று காட்டியாக வேண்டும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை பெருமளவு, விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் கூண்டில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. அங்கங்கே பிடித்து வந்து ஒன்றாக அடைத்த அந்நியர்கள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்? காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-ல் எழுதினார். அதன்பிறகும் மல்லாக்கப் புரட்டுவது மட்டும் வழக்கில் தங்கிவிட்டது.

மாமனாரிடம் ஓநாய்க் கதை எடுபடாது என்று தெரியும். அதனால் 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம், நீங்கள் என்னென்ன செய்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் எதிர்த்துச் சீறியது என்றார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 31 சதவீதம். "அப்ப மீதி நாய் அடங்கிடுச்சுல்ல?" என்றார் மாமனார். "அடங்கியிருந்தா எதுக்கு மாமா ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்றேன். சிரித்துவிட்டார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது அந்த வாதம் இல்லை, நான் கொடுத்த வேலை. மிளகின் ராத்திரி உணவில் பாதியை அவர் கையால், ஒவ்வொரு உருண்டையாகக் கொடுக்க வேண்டும். மூடிய கைக்குள் உருண்டை இருக்கும். அவள் நக்கலாம், முட்டலாம், பிராண்டலாம், கை திறக்காது. மூக்கைப் பின்னால் எடுத்த நொடியில் "சரி" என்று சொல்லிக் கையை விரிக்க வேண்டும். மாமனார் எதையும் நிதானமாகச் செய்பவர். அவர் கை பாய்வதில்லை, பதறுவதில்லை. கையைக் கடித்தால் ஒன்றும் கிடைக்காது, விலகி உட்கார்ந்தால் கிடைக்கும் என்பதை மிளகு அவரிடம்தான் கற்றாள். அந்தச் சமயத்தில் மூக்கில் ஒரு போடு விழுந்திருந்தால், நீட்டிய கையைப் பார்த்ததும் அவள் முதலில் கணக்குப் போட்டிருப்பது அடியாகத்தான் இருக்கும். கை பக்கத்தில் வந்தால் பதுங்குகிற, பதுங்க இடம் இல்லாவிட்டால் கடிக்கிற நாய் அப்படித்தான் உருவாகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டுக் கடி. இன்னொன்று இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு மத்தியானம் மிளகு சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு மெல்லும் குச்சியோடு படுத்திருந்தாள். மகன் அந்தப் பக்கமாக நடந்தான், அவள் பக்கம் போகக்கூட இல்லை. மென்று கொண்டிருந்த தாடை நின்றது. தலை குச்சிக்கு மேலே தாழ்ந்தது, முன்னங்கால் இரண்டும் அதை அணைத்தன. உடம்பு இறுகிவிட்டது, வால் அசையவில்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவன் பக்கம் உருட்டினாள், கண்ணின் வெள்ளை ஒரு பிறைபோல் தெரிந்தது. அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து, விளையாட்டில் நான் கேட்டே இராத தணிந்த குரலில் ஓர் உறுமல்.

விளையாட்டிலும் உறுமுவாள், கயிற்றை இழுக்கும்போது வீடே அதிரும். ஆனால் அப்போது உடம்பு தளர்வாக நெளியும், முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்குவாள், ஓடுவாள், தானே நின்று எங்களைப் பார்ப்பாள். சத்தத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். இறுக்கம், அசைவற்று உறைவது, முறைப்பு, உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டுவது, தின்பதைத் திடீரென்று வேகமாக விழுங்குவது, இதெல்லாம் "கிட்ட வராதே" என்பதற்கான அடையாளம்.

மகனைச் சத்தம் போடாமல் என் பக்கம் கூப்பிட்டேன். மிளகை ஒன்றும் சொல்லவில்லை, குச்சியையும் பிடுங்கவில்லை. உறுமியதற்காக நாயைத் தண்டிக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது. உறுமல் என்பது கடிக்கு முன் அது நமக்குக் கொடுக்கும் அவகாசம். திட்டித் திட்டி அதை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். "எந்த அறிகுறியும் இல்லாம பட்டுன்னு கடிச்சிருச்சு" என்று சொல்லப்படும் நாய்களில் சில, அறிகுறி காட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவை.

அன்றிலிருந்து அந்தக் குச்சி தடுப்புக்குள் மட்டும்தான். வெளியே வேறு வேலை ஆரம்பித்தோம். அவள் சாதாரணமான ஒரு பொம்மையை மென்றுகொண்டிருக்கும்போது, உடம்பு இறுகாத தூரத்தில் நான் கடந்து போவேன். போகிற போக்கில் அதைவிட ருசியான ஒரு துண்டை அவள் முன் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவேன். நாளடைவில் தூரம் குறைந்தது. என் காலடி கேட்டதும் பொம்மையை விட்டுத் தலையை நிமிர்த்தி என்னைத் தேட ஆரம்பித்தாள். அப்புறம்தான் பண்டமாற்று. நல்ல துண்டைக் கொடுத்து, பொம்மையை எடுத்து, ஒரு நொடி பார்த்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மனிதர் வந்தால் வாயில் இருப்பது போவதில்லை, கூடவே ஒன்று வருகிறது என்று அவளுக்குப் புரிய வேண்டும். சாப்பாட்டுத் தட்டிலும் இதே வழிதான். சாப்பிடும்போது தட்டில் கையை விட்டுத் துழாவி, பாதியில் தட்டைப் பறித்து "பழக்குகிறவர்கள்" இருக்கிறார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயையும் அது காவல்காரனாக்கிவிடும். பக்கத்தில் போனால் தட்டில் ஏதாவது சேருங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள். பெரியவர்கள் எல்லோரிடமும் அவள் தளர்ந்த பிறகே, என் பக்கத்தில் நின்றபடி மகனும் துண்டைத் தூக்கிப் போட ஆரம்பித்தான். கையால் மாற்றும் வேலையை அவனுக்குக் கொடுக்கவே இல்லை.

டன்பார் நாய்க்கடியை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறார். பல் படாமல் வெறும் பாய்ச்சல் முதல் நிலை. பல் பட்டும் தோலைத் துளைக்காதது இரண்டு. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, கோரைப்பல்லின் நீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இல்லை என்றால் மூன்று. அதற்கு மேலே போகப்போக மோசம். வளர்ந்த நாய்க்கு நல்ல அளவுகோல். குட்டி விஷயத்தில் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பால் பல் விளையாட்டிலேயே தோலைக் கிழித்துவிடும். ரத்தம் வந்த விளையாட்டுக் கடியைவிட, ரத்தமே வராத அந்த மேசையடி உறுமலுக்கு நான் அதிகம் யோசித்தேன்.

பயத்தாலும் கடி வரும், வலியாலும் வரும். எப்போதும் தடவக் கொடுக்கிற மிளகு, ஒரு நாள் இடது காதுப் பக்கம் கை போனதும் சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டினாள். டாக்டர் பார்த்ததில் காதுக்குள் சீழ். மருந்து விட்டு ஆறியதும் பழையபடி தலையைக் கொடுத்தாள். நேற்றுவரை இல்லாத கோபம் இன்று வந்தால், பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவர்.

மகனுக்குச் சில சட்டங்கள் போட்டோம். குட்டி துரத்தினால் ஓடாதே. கையை மார்போடு கட்டி, கண்ணைத் தாழ்த்தி, மரமாக நில். தூங்குகிற, தின்கிற குட்டியைத் தொடாதே. கட்டிப்பிடிக்காதே, முகத்தோடு முகம் வைக்காதே. இதைவிட முக்கியமான சட்டம் எங்களுக்கு: இருவரையும் ஒரே அறையில் தனியாக விடக் கூடாது, ஒரு நிமிடம்கூட. ஆறு வயசுப் பையன் சட்டத்தை எல்லா நேரமும் நினைவில் வைத்திருப்பான் என்று எதிர்பார்ப்பது குட்டியிடம் எதிர்பார்ப்பதைப் போலத்தான்.

தோல் கிழிந்தால், வீட்டுக் குட்டிதானே என்று விட வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாகக் குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் போடப்படுகிறது, அதற்கு முன் அது எங்கிருந்தது, எதோடு பழகியது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். கண்டதையும் பூசாமல் டாக்டரிடம் போய், ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவுக்கு விடுங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் அனேகமாக மருந்தே கிடையாது, அதற்கு முன் போடும் ஊசிதான் காப்பாற்றும். எங்கள் வீட்டில் முதல் கீறலுக்கே எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

நாலு மாதவாக்கில் கடி மறுபடி ஏறும். பால் பல் விழும் காலம். முன்பல்லில் ஆரம்பித்து, கோரைப்பல் ஐந்து ஆறு மாதத்தில் விழுந்து, ஏழாவது மாதத்துக்குள் பெரும்பாலும் 42 நிரந்தரப் பல்லும் வந்துவிடும். ஈறு உறுத்துவதால் எதையாவது கடித்தே ஆக வேண்டும். துணியை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். துணியைக் கிழித்து விழுங்கிவிடலாம். மிளகின் முதல் பல் ஒன்று கயிற்றுப் பொம்மையின் இழைக்குள் சிக்கிக் கிடந்தது, வேரில் லேசாக ரத்தம். மெல்லக் கொடுக்கும் பொருள், கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். எலும்பு, மான்கொம்பு போல் கல்லாக இருப்பவை பல்லைப் பிளந்துவிடும்.

பல் மாறி முடிந்ததும் மிளகின் கடி ஏறக்குறைய நின்றுபோனது. துடைப்பத்தோடு உள்ள பகை மட்டும் தொடர்கிறது. தரையைத் துடைக்கும் நேரத்தில் அவளை அடுத்த அறையில் விட்டுவிடுகிறோம், அதற்கு மேல் அதில் மெனக்கெட எங்களுக்கு நேரம் இல்லை.

இவ்வளவு பார்த்தும் உறுமலும் இறுக்கமும் கூடிக்கொண்டே போனால், மூன்று மாதக் குட்டி ஆட்களைக் குறி வைத்துப் பாய்ந்தால், அல்லது கடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அப்படிப்பட்ட குட்டிகள் குறைவு, ஆனால் உண்டு. உடம்பை டாக்டர் பார்த்துவிட்டு, நாய் நடத்தையில் தேர்ச்சி பெற்ற கால்நடை மருத்துவர் யாராவது இருந்தால் அவரிடமே அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் போவதாக இருந்தால், குட்டியை ஒப்படைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களைப் பார்த்து உறுமினா என்ன செய்வீங்க?" ஏன் உறுமுகிறது என்று முதலில் பார்ப்பேன் என்று பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். அடக்கிக் காட்டுகிறேன் என்றால், குட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.